அறுபத்து நான்கு அங்குல விருது

கொழும்புக்குக் கிளம்பிய அன்று திருப்பூர் ரயிலடியில் வண்டி ஏறியவர்கள் கட்டிங் மாஸ்டர் பொன்னுசாமி, பின்னல் மெஷின் ஓட்டும் ஆரோக்கியம், பிறகு நான். பயணத்தில் இல்லாதவர் எங்கள் மன்றத் தலைவர் காளியப்பன். அவரும் ரயிலடிக்கு வந்திருந்தார், மூன்று மாலைகூட வாங்கி வந்திருந்தார். ஆனால் வண்டியில் ஏற முடியாது. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனவர், சட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு கைகளையும் மடக்கிப் புஜத்தைக் காட்டியபடி எடுத்து அனுப்பியிருந்தார். மனு திரும்பி வந்துவிட்டது.

"ஆராச்சும் கேட்டா தலைவருக்கு மேலுக்குச் சொகமில்லீன்னு சொல்லிரு" என்றார் என்னிடம். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டளை போட்டார். "புலி அந்தப் பனியனப் போட்டிருக்கோணும். பொதுசனம் பாக்கோணும். அதப் போட்டோ எடுத்துக்கிட்டு வரோணும். மூணுல ஒண்ணு கொறஞ்சாலும் விருது செல்லாது. செயலாளர் நீ. ஞாபகம் வெச்சுக்க."

எங்கள் மன்றத்தின் பெயர் திருப்பூர் ஃப்ரீ ஸ்டைல் குஸ்தி ரசிகர் மன்றம். உறுப்பினர் பதினாலு பேர், அத்தனை பேரும் ஒரே பனியன் கம்பெனி. நான் கணக்குப் பிள்ளை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான் என்பதால் மன்றத்தின் செயலாளர் பதவி போட்டியில்லாமல் எனக்கு வந்தது.

முந்தின வருடம் பருத்தி மார்க்கெட் பக்கத்து மைதானத்தில் கொட்டகை போட்டு நான்கு நாள் குஸ்தி நடத்தினார்கள். முதலிபாளையம், நெருப்பெரிச்சல் என்று சுற்றுவட்டாரமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. நோட்டீஸில் முதல் பெயர் பாக்தாத் புலி. 'எடை 400 பவுண்டு. மார்பு 64 அங்குலம். இரக்கம் இல்லை' என்று போட்டிருந்தது. அந்தப் புலி நான்கு நாளும் தோற்றது. முதல் நாள் தூக்கி எறியப்பட்டது. இரண்டாம் நாள் கழுத்தைப் பிடித்து அமுக்கப்பட்டது. மூன்றாம் நாள் கயிற்றில் கால் மாட்டித் தலைகீழாகத் தொங்கியது. நான்காம் நாள் இமயச் சிங்கம் என்பவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றி எறிந்தபோது, ஜனங்கள் எழுந்து ஆடினார்கள். நான் அழுதேன். ஏன் அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு வாரம் யோசித்தபின் தெரிந்தது.

சினிமாவுக்கு வருடா வருடம் பரிசு கொடுக்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் கொடுக்கிறார்கள், சங்கங்கள் கொடுக்கின்றன, சர்க்காரும் கொடுக்கிறது. கதாநாயகன் ஒரு குத்து விட்டான் என்று பரிசு. அந்தக் குத்தை வாங்கிக்கொண்டு பதினெட்டுப் படியிலிருந்து உருண்டு விழுந்தவனுக்கு என்ன கொடுத்தார்கள்? அவன் பெயரைத் திரையில்கூடக் காட்டுவதில்லை. அவன் உருளாமல் அப்படியே நின்றிருந்தால் கதாநாயகனின் குத்து என்ன ஆகியிருக்கும்? குஸ்தியில் நிலைமை இன்னும் மோசம். படித்தவர்கள் அது வெறும் நடிப்பு என்கிறார்கள், ஆகவே விளையாட்டுக்கான பரிசு கிடையாது. குஸ்திக்காரர்கள் அது நிஜம் என்கிறார்கள், ஆகவே நடிப்புக்கான பரிசும் கிடையாது. இரண்டு வாசலிலும் நிறுத்திவைக்கப்பட்ட ஒரு கலையை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

இதை மன்றத்தின் பொதுக்கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். அதுவரை நாங்கள் கொடுத்துவந்த விருதுகள் சிறந்த உறுமல், சிறந்த நாற்காலி அடி, எதையும் பார்க்காமலிருந்ததற்காகச் சிறந்த நடுவர் என்ற வகையில்தான் இருந்தன. இந்த வருடம் சிறந்த தோல்விக்கு ஒரு விருது வேண்டும், அது பாக்தாத் புலிக்குப் போகவேண்டும் என்றேன்.

"தோத்தவனுக்குப் பரிசு குடுத்தா ஜெயிச்சவன் மூஞ்சிய எங்க வெப்பான்?" என்றார் தலைவர்.

"அவருதான் ஜெயிச்சுட்டாருங்களே. அப்பறம் பரிசு எதுக்குங்க?"

தலைவர் டீ வரவழைத்தார். தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் போர்த்துகிற பொன்னாடையை நாமும் போர்த்தினால் திருப்பூருக்கு என்ன மரியாதை, பனியன்தான் போடவேண்டும் என்று ஆரோக்கியம் சொன்னான். அதுவும் நிறைவேறியது.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தையல்காரர் ஆளைப் பார்த்து அளவெடுப்பார். பனியன்காரனுக்கு ஆள் கிடையாது, நம்பர்தான். முப்பத்திரண்டு என்று முத்திரை குத்தினால் அதை யார் போடுவார், கறுப்பா சிவப்பா, நல்லவரா என்ற கேள்வியே இல்லை. நம்பர் சரியென்றால் பனியன் சரி. மாஸ்டர் பொன்னுசாமி இருபது வருடம் கத்தரி பிடித்தவர். அவருக்கு எழுத்து படிக்க வராது, நம்பர் மட்டும் வரும். ஆளைப் பார்த்த கணமே மார்பளவு சொல்லிவிடுவார். ஆனால் குஸ்தி நடந்த நான்கு நாளும் அவர் காவடி எடுத்துப் பழனிக்குப் போயிருந்தார். புலியைப் பார்த்ததே இல்லை.

"அறுவத்திநாலா? நல்லாப் பாத்தியா தம்பி?" என்று மூன்று தடவை கேட்டார்.

"அச்சுல போட்டிருக்குதுங்க மாஸ்டர்" என்று நோட்டீஸைக் காட்டினேன். அச்சில் வந்த எதையும் நான் அதுவரை சந்தேகித்ததில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாக அச்சைப் படித்தவன் நான். நானே அதைச் சந்தேகித்தால் எங்கய்யன் மாட்டை விற்று என்னைப் படிக்க வைத்ததற்கு என்ன அர்த்தம்?

பனியன் துணி குழல்போலப் பின்னப்பட்டு வருவது. பக்கவாட்டில் தையலே இருக்காது. இருந்தால் அது பனியன் இல்லை, சட்டை என்பார் மாஸ்டர். எங்கள் கம்பெனி மெஷினில் நாற்பதுக்கு மேல் பின்ன முடியாது. கடைசியில் நெருப்பெரிச்சலில் ஒரு ஷெட்டில், அளவு பெரிது என்று ஓரமாகத் தள்ளிவைத்திருந்த பழைய வெளிநாட்டு மெஷின் ஒன்றைக் கண்டுபிடித்து, ஆரோக்கியம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதற்கு எண்ணெய் போட்டுப் பின்னினான். கழுத்துக்குப் பின்னால் 64 என்று முத்திரை குத்தியதும் மாஸ்டர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்கள் முதலாளி அதை விரித்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பஞ்சு மூட்டை கட்டறதுக்குங்களா?" என்று கேட்டார். அவரே கொழும்பில் ஒரு கடைக்கு மாதிரிச் சரக்குக் காட்டிவரச் சொல்லி என்னையும் மாஸ்டரையும் அனுப்புவதாக இருந்தார். புலியும் அப்போது கொழும்பில்தான் விளையாடிக்கொண்டிருந்தது. ஆரோக்கியம் சீட்டுப் பணம் எடுத்து எங்களோடு ஒட்டிக்கொண்டான். அவனுடைய பெரியப்பன் மகன் அந்தோணி கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தான்.

கப்பலில் ஆரோக்கியமும் நானும் மாறி மாறி வாந்தி எடுத்தோம். மாஸ்டர் எடுக்கவில்லை. வாந்தி வராமலிருக்க அவர் பயணிகளை அளந்துகொண்டிருந்தார். "முப்பத்தாறு. முப்பத்தெட்டு. அந்தம்மாகூட வாராரே, அவரு முப்பத்திநாலு, ஆனா முப்பத்தாறு போட்டிருக்காரு. துவைச்சாச் சுருங்குமுன்னு நெனச்சிருப்பாரு பாவம்."

அக்கரையில் இறங்கினோம். மாதிரிச் சரக்குக்குக் காகிதம் சரியாக இருந்தது. மூட்டையின் அடியிலிருந்த விருதைக் கஸ்டம்ஸ் அதிகாரி வெளியே இழுத்தார். இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார்.

"இது என்ன தம்பி, கப்பல் பாயோ?"

"பனியனுங்க."

"ஆருக்கு?"

"பாக்தாத் புலிக்குங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "விலங்குச் சாமான் எண்டால் அடுத்த மேசை."

"அய்யோ, மனுசருங்க. குஸ்திக்காரரு."

"இதைப் போடக்கூடிய மனிசன் இந்தப் பூமியில இல்லை. ஆனபடியால் இது உடுப்பு இல்லை, வெறும் துணி. துணி கொண்டுவாறது எண்டால் லைசன்ஸ் வேணும். விளங்குதோ?"

"உடுப்புதானுன்னு காட்டினா உட்டுருவீங்களா?"

"போட்டுக் காட்டுங்கோ பாப்பம்."

போட்டேன். தோள்பட்டை இரண்டும் முழங்கையில் வந்து நின்றன. "உங்களை நான் காணேல்லையே" என்றார் அதிகாரி. மாஸ்டரின் முகம் சிவந்துவிட்டது. அவர் தைத்ததை உடுப்பு இல்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து உள்ளே வந்தார். "ஆரோக்கியம், நீயும் வா. ஒட்டுக்கா நிக்கலாம்." ஒட்டுக்கா என்றால் சேர்ந்து, ஒன்றாக. மூன்று தலையும் ஒரே கழுத்து வழியாக வெளியே வந்தன. நாங்கள் மூவரும் ஆளுக்கு முப்பதுதான், ஒட்டுகிற பக்கம் கழிந்து மொத்தச் சுற்றளவு அறுபது. நாலு அங்குலம் மூச்சுவிட இருந்தது. பனியன் அம்சமாகப் பொருந்தியது. வரிசையில் நின்ற ஒரு குழந்தை எங்களைப் பார்த்து வீறிட்டது.

அதிகாரி எழுந்து சுற்றிவந்து பார்த்தார். சிரிக்கவில்லை. உட்கார்ந்து எழுதிக்கொண்டே வாசித்தார்: "மூன்று பயணிகள் உடுத்தும் உடுப்பு, ஒன்று." பிறகு நிமிர்ந்தார். "சொந்த உடுப்புக்குத் தீர்வை இல்லை. ஆனால் திரும்பிப் போகேக்க இதோடதான் போகவேணும். இங்க விட்டிட்டுப் போனால் தீர்வை கட்டவேணும்."

"அவரு நாப்பது" என்றார் மாஸ்டர், வெளியே வந்ததும். "வவுத்துல நாப்பத்திரண்டு. ஆனா நாயமான மனுசன்."

ரயிலில் எதிரே, கஸ்டம்ஸ் வரிசையில் எங்களைப் பார்த்திருந்த இரண்டு சிங்களப் பெண்கள் எங்களையே பார்த்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பேசியதைப் பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் எங்களுக்குச் சொன்னார். ஒருத்தி, "மூன்று பேரும் ஒரே சட்டைக்குள் நின்றார்களே, இந்தியாவில் அவ்வளவு பஞ்சமா?" என்று கேட்டிருக்கிறாள். மற்றவள், "பாவம், அண்ணன் தம்பிகளாக இருக்கும்" என்றாளாம். இறங்கும்போது எங்களுக்கு ஆறு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. பழம் நன்றாக இருந்தது.

கொழும்பில் எதைப் பார்த்தாலும் ஈரம். நம்மூரில் நொய்யல் கரையில் துணியை வெளுத்துக் காட்டில் விரித்தால், திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்து சலசலக்கும். இங்கே மாஸ்டர் துவைத்துப் போட்ட துண்டு இரண்டு நாளாகியும் சொட்டிக்கொண்டிருந்தது. "இந்த ஊர்ல பனியன் காயறதுக்குள்ள பழசாயிருமே. அதான் நம்மகிட்ட வாங்கறாங்க" என்று ஒரு வியாபார ரகசியத்தைக் கண்டுபிடித்தார்.

அந்தோணியின் கடையில் இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் போட்டார்கள். கூட, நம்மூர்த் துவையல் மாதிரி, ஒரு சம்பல். அன்று கிருத்திகை. மாஸ்டர் கவிச்சி தொடமாட்டார். சம்பலில் மரச்சீவல் மாதிரி ஏதோ கிடந்தது. "இதென்ன பட்டை அந்தோணி? வாசம் அருமையா இருக்குதே" என்று மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அது காயவைத்த மாசி மீன். அந்தோணி வாயைத் திறந்தான். ஆரோக்கியம் மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தான். நான் செயலாளர் என்ற முறையில் எதையும் பார்க்கவில்லை. ஊருக்குக் கொஞ்சம் பட்டை வாங்கிப் போகவேண்டும் என்று மாஸ்டர் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொழும்பு வந்த மறுநாள் காலை கடைக்காரரிடம் மாதிரிச் சரக்கைக் காட்டிவிட்டுப் புலி தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனோம். போகும் வழியெல்லாம் சுவரில் நோட்டீஸ். 'இன்று மாலை பாக்தாத் புலிக்கு இந்திய ரசிகர்கள் 64 அங்குலப் பனியன் அணிவிப்பார்கள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. விருதைப் பற்றி நான் முன்பே எழுதிய கடிதத்தைக் குஸ்தி நடத்தும் மேனேஜர் விளம்பரமாக்கிவிட்டார். எனக்கு நெஞ்சு விம்மியது.

கதவைத் தட்டினோம். உள்ளே கைலி கட்டிய ஒருவர் பாண் தின்றுகொண்டிருந்தார். பாண் என்றால் அங்கே ரொட்டி. மூலையில் இன்னொருவர் ஸ்டவ்வில் பருப்பு கிண்டிக்கொண்டிருந்தார். அவர் இமயச் சிங்கம்! ஜென்மப் பகைவர்கள் இருவரும் ஒரே அறையில்! இருந்தாலும் மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷ் வாழ்த்துரையை ஆரம்பித்தேன். 'பாக்தாத் நகரின் மாண்புமிகு புலியே' என்ற வரிவரைக்கும்தான் போனேன்.

"மொதல்ல கதவச் சாத்துங்க" என்றார் கைலிக்காரர். எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "திருப்பூருங்களா? பருத்தி என்ன வெல போகுதுங்க?"

அவருக்குச் சொந்த ஊர் கொமரலிங்கம். அமராவதி ஆற்றங்கரையில் அண்ணன் நெல் வைத்திருக்கிறார். பாக்தாத் எந்தத் திசை என்று அவருக்குத் தெரியாது.

"திருப்பூர்ல நாலு நாள் நான் பட்ட பாடு இருக்குதே" என்று மாஸ்டருக்குப் பாயை விரித்துக்கொண்டே சொன்னார். "நாக்கு வறண்டு போகுது, ஒரு டம்ளர் மோர் குடுங்கன்னு கேக்க முடியாதுங்க. நான் அரபிக்காரனாச்சே. முன் வரிசையில எங்க தாய்மாமனே உக்காந்திருக்காரு. 'போடா அரபிக்காரா உன்ற ஊருக்கு'ன்னு செருப்பக் கழட்டி வீசறாரு. அது தீவாளிக்கு நான் வாங்கிக் குடுத்த செருப்புங்க."

"அடையாளம் தெரியலீங்களா?" என்றான் ஆரோக்கியம்.

"தாடி வெச்சிருந்தனில்லீங்க. ஊர்ல நான் கப்பல்ல வேல பாக்கறேனுன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

மாஸ்டர் இதில் எதையும் கேட்கவில்லை. புலியின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பை எடுக்கவும் இல்லை. "நாப்பத்திநாலு" என்றார், யாரோ செத்துப்போன செய்தி சொல்கிற குரலில்.

பனியனை விரித்துக் காட்டினேன். புலி அதன் ஒரு முனையைப் பிடித்தார், சிங்கம் ஸ்டவ்வை விட்டுவந்து மறுமுனையைப் பிடித்தார். அறை போதவில்லை. புலியின் முகம் வெளுத்தது.

"என்னங்க இது? நோட்டீஸ்ல போடறத ஆராச்சும் நம்புவாங்களா?"

மாஸ்டரும் ஆரோக்கியமும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் மேடைக்கு வாரப்பப் பஞ்சு வெச்ச புலித்தோல் போத்திக்கிட்டுத்தான் வாரனுங்க" என்றார் புலி. "தோலக் கழட்டுன ஒடனே இந்தச் சிங்கம் என்னத் தூக்கிப் போட்டு அடிச்சுருவாரு. ஆரும் அளந்து பாக்க நேரம் இருக்காது. இப்ப சண்ட முடிஞ்சு வெத்து மேலோட நிக்கறப்ப நீங்க இதப் போட்டு உட்டீங்கன்னா முழங்காலுக்குத் தொங்குமுங்க. சனம் சிரிக்கும். புலின்னாப் பயப்படோணும், சிரிக்கப்படாது. மேனேஜர் நாளைக்கே என்னை அனுப்பிருவாரு. அடுத்த மாசம் வேறொரு பாக்தாத் புலி வந்துருவான். பேரு என்றதில்லீங்க, மேனேஜரோடது."

"வெட்டிச் சின்னதாக்கிரலாம்" என்றேன். "நாப்பத்திநாலா."

"முத்திர?" என்றார் மாஸ்டர். "அறுவத்திநாலுன்னு முத்திர குத்தி உள்ள நாப்பத்திநாலு வெக்கச் சொல்றியா? இருவது வருசத்துல ஒரு டஜன்ல ஒரு பீஸ்ல அந்த வேல பண்ணியிருக்கனா?"

"முத்திரைய எடுத்துரலாமுங்க."

"முத்திர இல்லாத பனியன் சந்தையில கூறு கட்டி விக்கறதுக்கு. பெரிய மனுசனுக்குப் போடறதுக்கில்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "அச்சுல வந்திருக்குன்னு சொன்னியே தம்பி. அந்த அச்சுக்காரன் டேப் புடிச்சானான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

விருதைக் கொடுக்காமல் திரும்பலாம் என்றால் நோட்டீஸ் ஊர் முழுக்க ஒட்டிவிட்டது. கொடுத்தால் புலியின் பிழைப்புப் போகும். அவர் தோற்பதற்காக ஊரைவிட்டு வந்தவர். அவரை நிஜமாகவே தோற்கடிக்க நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன். சிங்கத்துக்குத் தமிழ் தெரியாது. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்களுக்கும் சேர்த்து அரிசி போட்டார்.

மாலை ஆறு மணிக்கு மைதானம் நிரம்பிவிட்டது. நாங்கள் விருந்தாளிகள் என்பதால் மேடையை ஒட்டி நாற்காலி. திருப்பூரில் நான் பார்த்தது தூரத்திலிருந்து. இப்போதுதான் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தேன். சிங்கம் தூக்குவதற்கு ஒரு கணம் முன்னால் புலி தானாகவே எம்புகிறார். கீழே விழும்போது சிங்கத்தின் உள்ளங்கை, யாரும் பார்க்காத வேகத்தில், புலியின் பிடரிக்கு அடியில் போய்விடுகிறது. பலகை இடிபோலச் சத்தம் போடுகிறது, தலை மட்டும் அந்தக் கையில் வந்து அமர்கிறது. கூட்டம் "கொல்லு, கொல்லு" என்று கத்துகிறது. சிங்கம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். தோற்பவரை மட்டும் புகழ்ந்த என் வாழ்த்துரை பாதிதான் சரி என்று அப்போது தெரிந்தது.

"நெசமா, நடிப்பா?" என்று ஆரோக்கியம் என் காதில் கேட்டான்.

"விழுந்தா வலிக்குமில்ல? அவ்வளவுதான்" என்றார் மாஸ்டர், மேடையிலிருந்து கண்ணெடுக்காமல்.

புலி தோற்றார். அழகாகத் தோற்றார். மணி அடித்தது. மேனேஜர் ஒலிபெருக்கியில் எங்களைக் கூப்பிட்டார். நானும் மாஸ்டரும் மேலே ஏறினோம். அந்தோணி கூட்டி வந்திருந்த போட்டோக்காரர் கீழே தயாராக நின்றார். பனியனை விரித்ததும் கூட்டம் "ஓ" என்றது. புலி கையைத் தூக்கினார், போட்டுவிட்டோம். முழங்காலைத் தாண்டியது. கழுத்து ஒரு தோள் வழியாக நழுவியது. பிறகு எங்கோ பின்னால் ஒருவன் சிங்களத்தில் கத்தினான், மைதானமே வெடித்துச் சிரித்தது. புலி கொசுவலைக்குள் மாட்டிக்கொண்டது என்று கத்தினானாம். அந்தோணி பிறகு சொன்னான்.

புலி என்னைப் பார்த்தார். மோர் கேட்க முடியாத மனிதரின் பார்வை அது. மேனேஜர் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு அவரை முறைத்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் பனியனைப் பார்த்தார். எதிர்மூலையில் மாலையோடு நின்ற சிங்கத்தைப் பார்த்தார். அவர் உதடு கணக்குப் போட்டது. "அவரு நாப்பத்தாறு. இவரு நாப்பத்திநாலு. ஒட்டி நின்னா எழுவத்திநாலு. பின்னல் துணி, பத்து அங்குலம் குடுக்கும்." பிறகு மைதானம் அதிரக் கத்தினார். "ஒட்டுக்கா! ரெண்டு பேரும் ஒட்டுக்கா!"

சிங்கத்துக்குத் தமிழ் தெரியாது. புலிக்குத் தெரியும், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள முடியாது. மிச்சம் நான் ஒருவன். பனியனின் கீழ் விளிம்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டு வாசலில் நின்று விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல, எனக்கு அப்போது வந்த ஒரே இங்கிலீஷில் கூப்பிட்டேன்: "ப்ளீஸ் கம் இன்சைட், சார்."

சிங்கம் என்னைப் பார்த்தார். புலியைப் பார்த்தார். மாலையைக் கழற்றி நடுவரிடம் கொடுத்தார். ஆறடி மனிதர் குனிந்து உள்ளே நுழைந்து, புலியின் தலைக்குப் பக்கத்தில் வெளியே வந்தார். துணி நெட்டி முறித்துக்கொண்டு இழுபட்டது. ஒரு இழைகூட அறுபடவில்லை. சொல்லிவைத்துத் தைத்த மாதிரி நின்றது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே உறுமலாக உறுமினார்கள்.

மைதானத்தில் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், மேடைக்கு மேலிருந்த கூரைத் தகரம் ஆடியது. பெண்கள் அழுதார்கள். மாஸ்டர் ஓரமாகப் போய், இருவருக்கும் பின்னால் நின்று, கழுத்து வழியாகக் கையை உள்ளே விட்டு முத்திரை சுருங்காமல் நீவிவிட்டார். அப்போதுதான் போட்டோ விளக்கு பளிச்சிட்டது.

மறுநாள் காலை ஊர்ச் சுவரெல்லாம் புது நோட்டீஸ், ஈரம் காயாமல். புலியும் சிங்கமும் இனி ஜோடி. எதிரிகள் யாராக இருந்தாலும் வரலாம். மேனேஜர் புலியின் சம்பளத்தைக் கூட்டவில்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார். நோட்டீஸில் இருந்த எழுத்தை மாஸ்டரால் படிக்க முடியவில்லை. நம்பரைப் படித்தார். 'மார்பு 128 அங்குலம்.'

"தம்பி" என்றார், "அடுத்த வருசம் விருதுன்னு சொல்லிக்கிட்டு என்றகிட்ட வந்தராத."

புலி ரயிலடிக்கு வர முடியாது, பாக்தாத்காரர் மூன்று பனியன் தொழிலாளிகளை வழியனுப்பினால் ஊர் என்ன நினைக்கும்? ஆரோக்கியத்திடம் ஒரு கவர் கொடுத்து அனுப்பியிருந்தார். உள்ளே பதினோரு ரூபாய், அந்த ஊர்ப் பணம். கூடவே பென்சிலில் ஒரு சீட்டு: 'துணி வாங்கிக்கிட்டு வெறுங்கையோடு அனுப்பினால் எங்கம்மா என்னைச் சும்மா விடாது. மொய்யாக வைத்துக்கொள்ளவும்.' கீழே தன் நிஜப் பெயரை எழுதியிருந்தார். அதை நான் இங்கே எழுதமாட்டேன்.

கப்பலேறும் இடத்தில் அதே அதிகாரி. பெயரேட்டைப் புரட்டினார்.

"மூன்று பயணிகள் உடுத்தும் உடுப்பு, ஒன்று. எங்க உங்கட உடுப்பு?"

நடந்ததைச் சொன்னேன். அவர் நம்புகிற மாதிரி இல்லை. போட்டோவைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். இப்போதும் சிரிக்கவில்லை.

"இதில ரெண்டு பேர்தானே நிக்கினம். நான் எழுதினது மூண்டு பேர். மூண்டாம் ஆள் எங்க?"

மாஸ்டர் முன்னால் போய்ப் போட்டோவில் விரலை வைத்தார். இரண்டு தலைகளுக்கும் பின்னால், முத்திரையை நீவிக்கொண்டிருந்த அவருடைய சொந்தக் கை தெரிந்தது. முழங்கை வரைக்கும் பனியனுக்குள்தான் இருந்தது.

அதிகாரி தலையசைத்தார். உடுப்பு என்பதில் அவருக்கு இனிச் சந்தேகம் இல்லை. இலங்கையில் விட்டுப் போகும் உடுப்புக்குத் தீர்வை பதினோரு ரூபாய் நாற்பது சதம் என்று ரசீது எழுதினார். புலியின் மொய்க் கவரை அப்படியே மேசைமேல் வைத்தேன். மிச்சத்துக்கு மாஸ்டர் மடியை அவிழ்த்தார். மெஷின் எண்ணெய், நூல், கப்பல், வாந்தி எல்லாம் போக, பாக்தாத் புலிக்கு விருது கொடுத்த வகையில் அந்த நாட்டில் எங்களுக்கு ஆன செலவு நாற்பது சதம்.